மீட்கப்பட்ட நாய்க்குத் தற்காலிக வீடாக இருப்பது: தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மீட்கப்பட்ட நாய் ஒன்றுக்கு நிரந்தர வீடு அமையும்வரை சில வாரங்கள் இடம் கொடுக்க விரும்புவதாகவும், இருவரும் வேலைக்குப் போகிற, பள்ளி செல்லும் குழந்தையும் ஏற்கெனவே ஒரு வளர்ப்பு நாயும் உள்ள வீட்டில் இது சாத்தியமா, சாத்தியமென்றால் எப்படித் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். சாத்தியம்தான். எந்த நாயை ஏற்றுக்கொள்கிறீர்கள், வந்த முதல் இரண்டு வாரங்களில் அதை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்ற இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். பல ஆண்டுகளாக மீட்பு நாய்களைத் தற்காலிகமாகப் பராமரித்தும், புதிதாக இந்தப் பணிக்கு வருகிறவர்களுக்குத் துணை நின்றும் வருகிறவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தற்காலிகப் பராமரிப்பாளருக்கு இரண்டு வேலைகள் உண்டு. நாய்க்கு ஓய்வும் பாதுகாப்பும் கொடுப்பது ஒன்று. அது எப்படிப்பட்ட நாய் என்பதைப் பொறுமையாகக் கண்டறிந்து, அடுத்து அதை ஏற்கப்போகிறவர்களிடம் உள்ளது உள்ளபடி சொல்வது மற்றொன்று. காப்பகத்தில் இவை இரண்டுமே கடினம். வரிசைக் கூண்டுகளில் நாய்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று குரைக்கும்போது இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டுவது அளவிடப்பட்டிருக்கிறது. அந்தச் சத்தத்தில் நாய் ஆழ்ந்து உறங்க முடியாது, அதன் இயல்பும் வெளிப்படாது. அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவுகள் மட்டும் வீடுகளுக்கு அனுப்பி நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. வீட்டில் இருந்த அந்தக் குறுகிய நேரத்திலேயே நாய்களின் சிறுநீரில் கார்டிசோல் என்னும் மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்தது. இடையூறின்றித் தொடர்ந்து ஓய்வெடுத்த நேரமும் வீட்டில்தான் மிக நீண்டதாக இருந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் ஹார்மோன் அளவு பழைய நிலைக்கே ஏறியது, ஆனால் பழைய நிலையைத் தாண்டிப் போகவில்லை. கொஞ்ச நாள் சுகத்தைக் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவது கொடுமை இல்லையா என்று தயங்குகிறவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தியை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

நாயை வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முன்பே மீட்பு அமைப்போடு பேசி முடித்து எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை சில உள்ளன. பராமரிப்பு உங்களுடையதாக இருந்தாலும் நாயின் சட்டப்பூர்வப் பொறுப்பு பெரும்பாலும் அமைப்பிடமே இருக்கும். ஆகவே எந்தக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது, செலவை யார் ஏற்பது, நள்ளிரவில் நாய் வாந்தியெடுத்துச் சோர்ந்து விழுந்தால் யாரைத் தொலைபேசியில் அழைப்பது, அமைப்பின் அனுமதி வருவதற்கு முன் அவசரச் சிகிச்சைக்கு நீங்களே ஒப்புதல் தரலாமா என்பவற்றையெல்லாம் தெளிவாகக் கேளுங்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் பொறுப்பு யாருடையது என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, உங்களால் தொடர முடியாமல் போனால் எத்தனை நாளுக்குள் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பது. இதற்கு நேரடியான பதில் தராத அமைப்பிடம் முதல் நாயை ஏற்காதீர்கள் என்பதே என் அறிவுரை. 'இரண்டு வாரம்தான்' என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட நாய் பல மாதங்கள் தங்கிவிடுவது இந்தப் பணியில் சாதாரணம். அந்த வாய்ப்பையும் மனத்தில் வைத்தே முடிவெடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதம், அடுக்குமாடி என்றால் அங்குள்ள விதிகள் ஆகியவற்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, எந்த நாய் என்பது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் கண் திறக்காத குட்டிகளை ஏற்கவே கூடாது. தாயில்லாத பச்சிளம் குட்டிகளுக்கு இரவும் பகலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நாய்க்குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட பால்மாவைக் கரைத்துப் புகட்ட வேண்டும். பசும்பால் அதற்கு ஈடாகாது. பிறந்த முதல் வாரங்களில் அவற்றால் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது என்பதால் முதலில் மெல்லச் சூடேற்றிய பிறகே புகட்ட வேண்டும். ஒவ்வொரு முறை புகட்டிய பின்னும் ஈரத் துணியால் அடிவயிற்றுப் பகுதியைத் துடைத்துவிட்டால்தான் அவை சிறுநீரும் மலமும் கழிக்கும், ஏனெனில் தாய் நக்கிவிட்டுச் செய்யும் தூண்டுதல் அது. எடை நாள்தோறும் கூட வேண்டும். ஒரு நாள் கூடாமல் நின்றாலே மருத்துவரிடம் போக வேண்டும். இதையெல்லாம் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே செய்ய முடியாது. அதேபோல, மனிதர்களைக் கண்டாலே நடுங்கி ஒடுங்கும் நாய், கடித்த வரலாறுள்ள நாய் ஆகியவையும் குழந்தையுள்ள வீட்டுக்கு முதல் நாயாக வரக்கூடாது.

உங்களைப் போன்ற வீட்டுக்கு மிகவும் பொருத்தமானவை வளர்ந்த, அமைதியான நாய்கள்: கருத்தடை அறுவைக்குப் பிறகு தையல் ஆறும்வரை பத்துப் பதினான்கு நாள் ஓய்வு தேவைப்படுபவை, எலும்பு முறிவிலிருந்து தேறி வருபவை, காப்பகச் சத்தம் தாங்காத முதிய நாய்கள். இதயப்புழு நோய்க்குச் சிகிச்சை பெறும் நாயும் இத்தகையதே. கொசுக்கடியால் பரவும் அந்தப் புழுக்கள் மருந்தால் சாகும்போது அவற்றின் சிதைவுகள் நுரையீரல் இரத்தக்குழாய்களை அடைக்கக்கூடும். நாய் ஓடினால், துள்ளினால் அந்த ஆபத்து பெருகும். அதனால் பல வாரங்கள் கட்டாய ஓய்வு தேவை. பகலில் யாரும் இல்லாத அமைதியான வீட்டில் அந்த நாய் உறங்கிக் கிடப்பது அதன் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும். முதிய நாய்களை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பதால் அவற்றுக்காக நான் தனியாகவும் பரிந்துரைக்கிறேன்.

இனி, உங்கள் சொந்த நாயின் பாதுகாப்பு. புதிய நாய் பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருக்கிறது என்பது எதற்கும் உறுதியல்ல. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கி நாயின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தொற்றினால் அறிகுறி வெளிப்படப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்கள் ஆகும், சில வேளைகளில் இரண்டு வாரம்வரையும் போகும். டிஸ்டெம்பர் என்னும் மற்றொரு கொடிய வைரஸ் நோய் அதைவிடவும் நீண்ட காலம் மறைந்திருக்கக்கூடும். ஆகவே உங்கள் நாயின் தடுப்பூசிகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே புதிய நாயை அழைத்து வாருங்கள். வந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்திருங்கள். உணவுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், படுக்கை, கழுத்துக்கயிறு எதையும் பொதுவாகப் பயன்படுத்த வேண்டாம். காலையில் முதலில் உங்கள் நாயைக் கவனித்துவிட்டுப் பிறகு புதிய நாயிடம் போங்கள். திரும்பும்போது கையைச் சோப்பால் கழுவி, உடையையும் மாற்றுங்கள். பார்வோ வைரஸ் மிகவும் பிடிவாதமானது. தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும், சாதாரண சோப்புக்கும் பல கிருமிநாசினிகளுக்கும் அசையாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, குறைந்தது பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடைத்தால் சாகும். ஆனால் மலமோ வாந்தியோ ஒட்டியிருக்கும் இடத்தில் பிளீச் வேலை செய்யாது, முதலில் அதைக் கழுவி அகற்றியாக வேண்டும். மண் தரையை இப்படித் தூய்மைப்படுத்த வழியே இல்லை. எனவே முற்றிலும் தடுப்பூசி போட்டு முடியாத குட்டிகளை, முன்பு பார்வோ கண்ட நாய் இருந்த தோட்டத்தில் விடாதீர்கள்.

வீட்டு மனிதர்களுக்கும் சில முன்னெச்சரிக்கைகள் தேவை. வெறிநோய் பரவியுள்ள நாடுகளில், அதிலும் தெருவிலிருந்து மீட்கப்படும் நாய்களோடு பழகப்போகிறவர்கள், மருத்துவரைக் கலந்து முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இதற்கு ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் போதும். அப்படிப் போட்டுக்கொண்டவர்களும் கடியோ கீறலோ பட்டால் மீண்டும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். காயம் சிறியதோ பெரியதோ, ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டுத்தான் மற்ற எதையும் யோசிக்க வேண்டும். அறிகுறி வெளிப்பட்ட பிறகு ஏறக்குறைய எவரையும் காப்பாற்ற முடியாத நோய் அது. ஆனால் உடனடியாகச் சிகிச்சை எடுத்தால் முழுமையாகத் தடுத்துவிடலாம். கிருமி உடலில் புகுந்ததிலிருந்து அறிகுறி தோன்றும்வரை உள்ள அதன் நோயரும்பு காலம் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீளும் என்பதால், 'நாய்க்கு நேற்றுத்தான் ஊசி போட்டோம்' என்பது கடிபட்டவருக்குச் சமாதானம் ஆகாது. இது தவிர சொறிப்பூச்சியும் படர்தாமரையும் நாயின் தோலிலிருந்து மனிதருக்குத் தொற்றும். எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியே பரவும் என்பதால் துடைக்கும்போது கையுறை அணியுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

முதல் நாள்களைப் பற்றி நான் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் அன்பு மிகுந்தவர்களே இங்கே அதிகமாகத் தடுமாறுகிறார்கள். துன்பப்பட்டு வந்த நாயைக் கண்டதும் அள்ளி அணைக்கத்தான் மனம் தோன்றும். உடனே குளிப்பாட்டிவிடலாம், உறவினர்களை அழைத்துக் காட்டலாம், குழந்தையோடு விளையாட விடலாம் என்றெல்லாம் ஆசை வரும். நாயின் நிலையிலிருந்து பார்த்தால், அதுவரை தெரிந்த ஒவ்வொரு வாசனையும் ஒலியும் முகமும் ஒரே நாளில் மறைந்துவிட்டன. அதற்கு அப்போது வேண்டியதெல்லாம் ஓர் ஒதுக்குப்புறமான அறை, மூடிய படுக்கையிடம், தண்ணீர், அளவான உணவு, ஒரே மாதிரியான நேர ஒழுங்கு. நீங்கள் அதே அறையில் பக்கவாட்டாகத் தரையில் உட்கார்ந்து, அதை நேருக்கு நேர் பார்க்காமல், ஏதேனும் படித்துக்கொண்டிருங்கள். அது தானாக எழுந்து வந்து முகர்ந்துவிட்டுப் போகட்டும். முதல் ஓரிரு நாள் சில நாய்கள் சாப்பிடாது. சில நாய்கள் ஒரே மூச்சாக உறங்கும். சில மூலையை விட்டு நகராது. தண்ணீர் குடித்து, வாந்தியும் வயிற்றுப்போக்கும் இல்லாமலிருந்தால் வளர்ந்த நாய் ஒரு நாள் உண்ணாதிருப்பதைக் கண்டு பதற வேண்டாம். குட்டி உண்ணாவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்ற ஒரு கணக்கு மீட்புப் பணியாளர்களிடையே வழங்கி வருகிறது. முதல் மூன்று நாளில் நாய் திகைத்திருக்கும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளும், மூன்று மாதத்தில் தன் இயல்போடு இருக்கும் என்பது அதன் பொருள். இது அனுபவக் கணக்கேயன்றி விதி அல்ல. ஆனால் அது நினைவூட்டும் ஒன்று மெய். முதல் வாரத்தில் நீங்கள் காணும் 'அமைதியான' நாய் உண்மையில் அச்சத்தில் உறைந்திருக்கும் நாயாக இருக்கலாம். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அது குரைக்கத் தொடங்கும், செருப்பைக் கடிக்கும், சோபாவில் ஏறும். நாய் கெட்டுப்போய்விட்டதாகச் சிலர் அப்போது அமைப்பை அழைப்பார்கள். அது தன் இயல்பைக் காட்டும் அளவுக்கு உங்கள் வீட்டை நம்பத் தொடங்கியிருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை.

தப்பியோடும் ஆபத்தும் இந்த முதல் வாரங்களில்தான் மிக அதிகம். மீட்பு நாய்கள் காணாமல் போவது பெரும்பாலும் வாசற்கதவு ஒரு கணம் திறந்திருக்கும்போதும், வண்டியிலிருந்து இறக்கும்போதும், கழுத்துப்பட்டை தலை வழியே நழுவும்போதும்தான். பின்னோக்கி இழுத்தாலும் கழன்றுவிடாத மார்புப்பட்டை ஒன்றும் கழுத்துப்பட்டை ஒன்றும் போட்டு, இரண்டிலும் தனித்தனிக் கயிறு பூட்டி நடத்துங்கள். உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு முதல் நாளே கழுத்தில் இருக்க வேண்டும். தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் இருந்தால் அதில் யாருடைய எண் பதிவாகியிருக்கிறது என்று அமைப்பிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பழகிவிட்டதாகத் தோன்றினாலும், உங்கள் பொறுப்பில் இருக்கும்வரை வேலியில்லாத இடத்தில் கயிற்றைக் கழற்ற வேண்டாம். ஒருவேளை ஓடிவிட்டால் துரத்தக் கூடாது. துரத்தினால் பயந்த நாய் மேலும் ஓடும். எதிர்த்திசையில் மெல்ல நடந்து, குந்தி உட்கார்ந்து, உணவைக் காட்டி வரவழைக்க முயலுங்கள். அதே நேரத்தில் அமைப்புக்கும் தகவல் போக வேண்டும்.

உணவில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் உயிர் சார்ந்த எச்சரிக்கை. எலும்பும் தோலுமாக, நீண்ட நாள் பட்டினி கிடந்து வந்த நாய்க்கு வயிறு நிறைய ஒரேயடியாக உணவு வைக்கக் கூடாது. பட்டினியில் உடல் தன் சேமிப்பைக் கரைத்து வாழப் பழகியிருக்கும்; திடீரென மாவுச்சத்து நிறைந்த உணவு வரும்போது இன்சுலின் பெருகி, இரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயமும் நரம்புகளும் தடுமாறும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட மனிதர்கள் பலர் உணவு கிடைத்த பின்பும் இறந்துபோனதிலிருந்துதான் மருத்துவ உலகம் இந்த நிலையைத் தெளிவாக உணர்ந்தது. இத்தகைய நாய்க்கு மருத்துவர் கணக்கிட்டுத் தரும் சிறு அளவை நாளுக்குப் பல வேளையாகப் பிரித்து, பல நாட்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கெஞ்சும் கண்களைப் பார்த்துக்கொண்டு அளவாக வைப்பதற்கு மனத்திடம் வேண்டும். மற்ற நாய்களுக்கு, அதுவரை என்ன உணவு கொடுக்கப்பட்டதோ அதையே தொடர்ந்து, மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் போதும். உண்ணி கடிப்பதால் நாய்க்கு வரும் உண்ணிக் காய்ச்சலையும் மனத்தில் வைத்திருங்கள்: வந்து சில வாரம் கழித்துச் சோர்வு, ஈறு வெளிறுதல், மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் எது கண்டாலும் காத்திருக்காமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியது நாயின் உடல்மொழி. முகத்தைத் திருப்பிக்கொள்வது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, உணவில்லாதபோது உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, உடல் திடீரென விறைத்து நிற்பது ஆகியவையெல்லாம் 'என்னை விடு' என்பதன் வெவ்வேறு வடிவங்கள். உறுமல் அதற்கு அடுத்த எச்சரிக்கை. உறுமிய நாயைத் திட்டவோ அடிக்கவோ கூடாது. அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது, அதன்பின் எச்சரிக்கையே இல்லாமல் கடி விழும். உறுமினால் விலகி இடம் கொடுத்துவிட்டு, எதற்காக உறுமியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தடவ விரும்பினால் நெஞ்சுப் பக்கத்தில் சில நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் நெருங்கி வந்தால் தொடரலாம், அசையாமல் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உண்ணும் நாயிடமும், உறங்கும் நாயிடமும், தன் படுக்கைக்குள் ஒதுங்கிய நாயிடமும் குழந்தை போகக் கூடாது. பெரியவர் யாரேனும் அதே அறையில் கண்ணெதிரே இல்லாமல் குழந்தையையும் நாயையும் தனியே விடக் கூடாது. பக்கத்து அறையில் இருப்பது போதாது.

இரண்டு வாரத் தனிமை முடிந்து இரு நாய்களையும் சந்திக்க வைக்கும்போது, முதல் சந்திப்பு வீட்டுக்கு வெளியே, இரண்டில் எதற்கும் சொந்தமில்லாத பொது இடத்தில் நடக்கட்டும். இருவர் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, நல்ல இடைவெளி விட்டு, ஒரே திசையில் இணையாக நடந்து போங்கள். உடல் தளர்ந்து மண்ணை முகரத் தொடங்கிய பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கயிற்றை இழுத்துப் பிடித்து மூக்கோடு மூக்கு நிறுத்துவது சண்டைக்கு வழி. வீட்டுக்குள் வந்த பிறகும் உணவு, எலும்பு, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றை எடுத்து வைத்துவிட்டு, சாப்பாட்டை எப்போதும் தனித்தனி அறையிலேயே கொடுங்கள். வீட்டு நாய் இந்த ஏற்பாட்டை விரும்பித்தான் ஆக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது சாப்பாட்டைக் குறைத்தாலோ உங்களை விட்டு ஒதுங்கினாலோ அதன் பக்கம் நின்று முடிவெடுப்பது உங்கள் கடமை.

வேலைக்குப் போவது குறித்து நீங்கள் கவலைப்பட்டிருந்தீர்கள். வளர்ந்த நாய் பகலின் பெரும்பகுதியை உறக்கத்திலும் ஓய்விலும் கழிப்பது இயல்பே. ஆனால் தனியாக இருப்பதை அது பழக வேண்டும். முதல் சில நாள் விடுப்பு எடுத்து அதனோடேயே இருந்துவிட்டுப் பிறகு திடீரென ஒன்பது மணி நேரம் விட்டுப்போவதுதான் மிகவும் கெடுதி. வந்த நாளிலிருந்தே ஓரிரு நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள். அதைப் பத்து, முப்பது, அறுபது நிமிடம் என்று நீட்டுங்கள். போகும்போதும் வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். ஓயாமல் ஊளையிடுதல், கதவைப் பிறாண்டி நகத்தில் இரத்தம் வருதல், உமிழ்நீர் வழிந்து தரை நனைதல் ஆகியவை பிரிவுப் பதற்றத்தின் அடையாளங்கள். அத்தகைய நாய்க்குப் பகலில் ஆள் இருக்கும் வேறு வீடே பொருத்தம் என்று அமைப்பிடம் தயங்காமல் சொல்லுங்கள். நடுப்பகலில் ஒருமுறை வந்து வெளியே அழைத்துச் செல்ல யாரையாவது ஏற்பாடு செய்துகொள்வது அவசியம்.

பின்னாளில் குட்டிகளை ஏற்க நினைத்தால் இதை மட்டும் நினைவில் வையுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம்வரை உள்ள காலம், நாய் உலகத்தோடு உறவு கொள்ளக் கற்கும் காலம். மனிதர் தொடர்பே இல்லாமல் வளர்க்கப்பட்டுப் பதினான்கு வாரத்துக்குப் பிறகே மனிதரிடம் வந்த குட்டிகள் அதன்பின் பழகுவதற்கே அஞ்சின என்பதை 1961-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு காட்டியது. தடுப்பூசித் தொடரோ, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் ஊசியின் பலனைத் தடுக்கக்கூடும் என்பதால், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறாவது வாரம்வரை போகிறது. ஆக, ஊசி முடியும்வரை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால் நோயிலிருந்து காக்கலாம், ஆனால் வாழ்நாள் முழுக்க அச்சம் நிறைந்த நாயை உருவாக்கிவிடுவோம். குட்டியைத் தரையில் விடாமல் கையில் ஏந்திக்கொண்டு வெளியே போய் வண்டிச் சத்தம், குடை, முதியவர், குழந்தை, தொப்பி அணிந்தவர் என எல்லாவற்றையும் காட்டுவதும், தடுப்பூசி போட்ட, ஆரோக்கியமான, குணமறிந்த நாய்களோடு மட்டும் பழக விடுவதுமே இதற்கு வழி.

உங்கள் இரண்டாவது வேலைக்கு, அதாவது நாயை அறிந்து சொல்லும் வேலைக்கு வருகிறேன். நாள்தோறும் இரண்டு மூன்று வரி குறித்து வையுங்கள்: எப்போது உண்டது, மலம் எப்படி இருந்தது, எதைக் கண்டு பயந்தது, யாரிடம் முதலில் வந்தது, பூனையைக் கண்டால் என்ன செய்தது, எத்தனை மணி நேரம் தனியே இருந்தது. நாய் உடல் தளர்ந்து மகிழ்ந்திருக்கும்போது பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும், வீட்டுக்குள் நடமாடும் சிறு காணொளியும் கூண்டுக் கம்பிக்குப் பின்னால் எடுத்த எந்தப் படத்தையும்விட அதிகமாகப் பேசும். அமெரிக்காவின் 51 காப்பகங்களில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வொன்றில், குறுகிய காலம் வீட்டில் தங்க வைக்கப்பட்ட நாய்கள் தத்தெடுக்கப்படும் வாய்ப்பு அப்படித் தங்காத நாய்களைவிட 14 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நாயை ஒருவர் தெரிந்துவைத்திருக்கிறார், அதைப் பற்றி நான்கு பேரிடம் பேசுகிறார் என்பதற்கு இதில் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து.

ஆனால் நல்லதை மட்டும் சொல்லாதீர்கள். எப்படியாவது ஒரு வீடு கிடைத்துவிட வேண்டும் என்ற ஆசையில் 'உணவுத் தட்டருகே போனால் உறுமும்' என்பதை மறைத்தால், அது தெரியவரும் நாள் அந்த வீட்டுக் குழந்தை கடிபடும் நாளாக இருக்கலாம்; கடித்த நாய் என்ற பெயரோடு திரும்பி வரும் நாய்க்கு அதன்பின் வீடு கிடைப்பது மிக அரிது. குறையைச் சொல்லும்போது அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டும் ஏற்கிறவர்களே அந்த நாய்க்கு உரியவர்கள்.

பிரிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வலிக்கும், குழந்தைக்கு இன்னும் கூடுதலாக வலிக்கும். முதல் நாளிலிருந்தே 'இது நம் வீட்டில் தங்கித் தேறுகிறது, பிறகு தன் வீட்டுக்குப் போகும்' என்று குழந்தையிடம் சொல்லி வாருங்கள். புதிய குடும்பத்துக்கு நாயைப் பற்றிக் குழந்தையே ஒரு கடிதம் எழுதட்டும். நாயை நாமே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றினால், அதை வேறொரு குடும்பம் பார்க்க வருவதற்கு முன்பே அமைப்பிடம் சொல்லிவிடுங்கள், அவர்களை நம்ப வைத்த பிறகு மறுப்பது நியாயமல்ல. அப்படி வைத்துக்கொள்வதில் குற்றம் ஏதும் இல்லை; அடுத்த நாய்க்கு இடம் இருக்காது என்பதை மட்டும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் மருத்துவக் குறிப்புகள், அடுத்த ஊசி, குடற்புழு மருந்து ஆகியவற்றின் தேதிகள், நாள் ஒழுங்கு, தெரிந்த கட்டளைச் சொற்கள், பிடித்த விளையாட்டு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். சில நாளைக்கான பழகிய உணவும், துவைக்காத படுக்கைத் துணி ஒன்றும் கூடவே போகட்டும். முதல் இரண்டு வாரம் அவர்கள் எப்போது வேண்டுமானாலும் உங்களைக் கேட்கலாம் என்று சொல்லி வையுங்கள், ஆனால் உடனே நேரில் போய்ப் பார்க்க வேண்டாம். நாய் புதிய வீட்டில் வேரூன்றச் சிறிது காலம் தேவை. அடுத்த நாயை ஏற்கும் முன் அறையையும் கிண்ணங்களையும் மேலே சொன்ன முறையில் தூய்மைப்படுத்தி, உங்கள் வீட்டு நாய்க்குச் சில நாள் முழுக் கவனமும் கொடுத்துவிட்டு, பிறகு அமைப்பை அழையுங்கள்.